முப்பதுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவே

பேய் என்றால் அமாவாசை, நடுராத்திரி, நாய் ஊளை எல்லாம் வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். இது நடந்தது பகலில். மூன்றே முக்கால் மணிக்கு. அதுவும் ஒருநாள் இல்லை, தொடர்ந்து மூன்று நாள்.

இதை அனுபவித்தவன் சிலுவைராஜ். மதுரையில் ஒரே லாட்ஜில், ஒரே அறையில் நானும் அவனும் நாலு வருஷம் இருந்திருக்கிறோம். குடிக்க மாட்டான். பொய் சொல்ல வராது. அறைக்குள் ஸ்டவ் வைத்துச் சமைப்பது யார் என்று லாட்ஜ் மேனேஜர் கேட்டபோது யோசிக்காமல் என்னைக் கைகாட்டியவன். போன வருஷம் நடந்ததை என்னிடம் சொன்னபோது ஒவ்வொன்றையும் மணி, நிமிஷத்தோடுதான் சொன்னான். நான் ஒரு வார்த்தை கூட்டவில்லை. அந்த இல்லத்தின் பெயரை மட்டும் எழுத மாட்டேன். கொடைக்கானலுக்குக் கொஞ்சம் கீழே இன்றைக்கும் அது இருக்கிறது. அறுபது பையன்களை வைத்துப் படிக்கவைக்கிற மிஷன் இல்லம். நல்ல இடம்.

சிலுவைராஜ் அங்கே வளர்ந்தவன்தான். இரண்டு வயதில் யாரோ கொண்டுவந்து விட்டார்கள். பதினெட்டு வயதில், 1982இல், மதுரைக்கு வந்து கம்ப்யூட்டர் படித்து, ஒரு சென்டரில் சொல்லிக்கொடுக்கிற வேலையில் சேர்ந்தான். அதன் பிறகு ஒரு தடவைகூட மலை ஏறவில்லை. ஏன் என்று கேட்டால் பஸ்ஸில் வாந்தி வரும் என்பான். தீபாவளி, கிறிஸ்துமஸ் எதுவானாலும் லாட்ஜே காலியாகிவிடும். இவன் மட்டும் மொட்டைமாடியில் துணி துவைத்துக்கொண்டிருப்பான். எனக்கு அதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

1988 நவம்பரில் இல்லத்தின் புதிய பொறுப்பாளர் ஃபாதர் பரமானந்தத்திடமிருந்து கடிதம் வந்தது. இல்லத்துக்குப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. ஏற்கெனவே ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. அதற்குள் இருக்கிற பிள்ளைகளின் பதிவேடு முழுவதையும் புதியதற்கு மாற்றித் தரவேண்டும். சரியாகச் செய்தால் ஆபீஸ் வேலைக்கு இங்கேயே இருந்துவிடலாம், தங்க அறையும் உண்டு என்று எழுதியிருந்தார்.

பழையது, 1983இல் ஓர் அமெரிக்கர் விட்டுவிட்டுப் போன வீட்டுக் கம்ப்யூட்டர். தட்டச்சு மிஷின் அளவு பெட்டி. அதன் தலையிலேயே எழுத்துக் கட்டைகள். டிவியில் மாட்டினால் திரை, டேப் ரெக்கார்டரில் மாட்டினால் ஞாபகசக்தி. இல்லத்தின் வார்டன் கித்தேரியம்மாள் ஐம்பத்தெட்டு வயதில் அதைத் தட்டக் கற்றுக்கொண்டார். பதிவேட்டுப் புத்தகம் பூஞ்சை பிடித்து உதிர ஆரம்பித்திருந்ததால், பக்கம் பக்கமாக அதை இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக அடித்துப் பாட்டு கேசட்டுகளில் பதிந்துவைத்தார். வேலையை முடித்தார். 1986இல் இறந்துபோனார். பிறகு அதோடு வந்த அமெரிக்க டிவியும் புகைந்துபோயிற்று. நம் ஊர் டிவியில் அதற்குப் படம் வராது. ஆக, உள்ளே எல்லாம் இருக்கிறது, பார்க்கத்தான் வழியில்லை. ஒயர் போட்டுப் புதிய கம்ப்யூட்டரோடு இணைத்தால்தான் அது என்ன வைத்திருக்கிறது என்று தெரியும்.

சிலுவைராஜ் அன்றைக்கே பெட்டியைக் கட்டினான். சம்பளத்துக்காக இல்லை. அறைக்காகவும் இல்லை. அந்தப் பதிவேட்டில் ஒரே ஒரு பக்கத்தை ஃபாதர் பார்ப்பதற்கு முன்னால் அவன் பார்த்தாக வேண்டும். அது ஏன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இல்லத்தில் பிள்ளைகளுக்கு நம்பர் உண்டு. சட்டைக் காலரில் நூலால் தைத்திருக்கும். ஒருவன் பெரியவனாகிப் போனால் அந்த நம்பர் அடுத்து வருகிற பிள்ளைக்குப் போகும். பதிவேட்டில் நம்பருக்கு ஒரு பக்கம். அந்த நம்பரை வரிசையாகப் போட்டிருந்தவர்களின் பெயர், வந்த தேதி, போன தேதி, கடைசியில் வார்டனின் குறிப்பு. சிலுவைராஜ் நம்பர் முப்பத்திரண்டு. முப்பத்தொன்று ஞானவேல். பக்கத்து நம்பர் என்றால் பக்கத்துப் பாய், பக்கத்துத் தட்டு. 1974இல் இருவருக்கும் பத்து வயது.

தினமும் மூன்றே முக்காலுக்கு மூடுபனி இறங்கும். அந்த நேரத்துக்குச் சரியாகக் கித்தேரியம்மாள் வராந்தாவில் நின்று நம்பர் கூப்பிடுவார். 'உள்ளேன் அம்மா' என்று பதில் வரவேண்டும். வராவிட்டால் மூன்று தடவை கூப்பிடுவார். மூன்றாவதுக்கும் சத்தம் இல்லையென்றால் மணியை அடித்து, வேலையாட்களை லாந்தரோடு சரிவுக்கு அனுப்புவார். அவருக்கே காய்ச்சல் என்றாலும் இது மட்டும் தவறாது.

1974 நவம்பர் 16, சனிக்கிழமை. ஞானவேலின் அம்மா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி மூட்டை தைக்கிறவள். கேரட் ஏற்ற வருகிற லாரியில் அன்றைக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். கீழே ரோட்டு வளைவில் நின்று பார்த்துவிட்டு வெரசா வந்துவிடுகிறேன், நம்பர் கூப்பிட்டால் எனக்கும் சேர்த்து நீயே சத்தம் கொடு என்று கேட்டுக்கொண்டு, ஞானவேல் பைன் மரச் சரிவில் இறங்கிப் போனான். இந்த மாதிரி ஒருத்தருக்காக ஒருத்தர் சத்தம் கொடுப்பது பிள்ளைகளுக்குள் சகஜம். சிலுவைராஜ் முப்பத்தொன்றுக்குக் குரலைத் தடிப்பாக்கி ஒரு 'உள்ளேன் அம்மா' சொன்னான். முப்பத்திரண்டுக்குத் தன் குரலில் ஒன்று சொன்னான். கித்தேரியம்மாள் புத்தகத்தை மூடினார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டு எடுக்கும்போதுதான் ஒரு தட்டு மிஞ்சியது. இருட்டிலும் பனியிலும் தேடிக் கிடைக்காமல், மறுநாள் காலையில் சரிவின் அடியில் கண்டெடுத்தார்கள். பனியில் வழி தப்பி உருண்டிருக்கிறான். பாதி ராத்திரி வரை உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர். அவன் அம்மா மதியம் லாரியில் வந்து இறங்கினாள்.

அன்றிரவு கித்தேரியம்மாள் பிள்ளைகள் படுக்கும் அறைக்கு வந்து, முப்பத்தொன்றுக்கு யார் சத்தம் கொடுத்தது என்று ஒரே ஒருமுறை கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. சிலுவைராஜும் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை. முப்பத்தொன்றாம் நம்பரை வேறு யாருக்கும் கொடுக்கவும் இல்லை. கூப்பிடும்போது முப்பது என்பார்; ஒரு மூச்சு நேரம் நிற்பார்; பிறகு முப்பத்திரண்டு என்பார். அந்த ஒரு மூச்சு முழுவதும் சிலுவைராஜ் வாயைத் திறக்கக் காத்துக்கொண்டு நிற்க வேண்டும். தினமும். எட்டு வருஷம்.

வார்டனம்மாவுக்குத் தெரியுமா, தெரியாதா? முப்பத்தொன்றாம் பக்கத்தின் குறிப்பில் அவர் என்ன எழுதியிருக்கிறார்? தன் பெயர் அதில் இருந்தால் ஃபாதர் பார்க்கும் முன் அழித்துவிடுவது என்று முடிவு செய்துதான் சிலுவைராஜ் பஸ் ஏறினான். அந்த இடத்தை விட்டால் ஊர் என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு வேறு இடம் இல்லை. அதையும் இழக்க அவன் தயாராக இல்லை.

ஃபாதர் அவனிடம் சாவியைக் கொடுத்துவிட்டுத் திண்டுக்கல்லுக்குக் கிளம்பினார். வெள்ளிக்கிழமை திரும்பி வந்து ஒவ்வொரு பக்கமாக உட்கார்ந்து படிக்கப்போகிறேன் என்று சொன்னார். பிள்ளைகள் எல்லாம் 1985இல் கட்டிய புதிய கட்டடத்துக்குப் போய்விட்டார்கள். அது அரை மைல் கீழே, ரோட்டோரம் இருக்கிறது. மேலே இருக்கும் பழைய கட்டடத்தில் ஆபீஸ் மட்டும்தான். வராந்தாவின் ஒரு கோடியில் புதிய கம்ப்யூட்டர் இருக்கும் ஆபீஸ் அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும் என்று உத்தரவு. கோயில் பீடத்து நற்கருணைப் பெட்டிக்கு அடுத்த மரியாதை அதற்குத்தான். மறு கோடியில் கித்தேரியம்மாளின் அறை. பழைய கம்ப்யூட்டர் அவர் மேஜையில், அவர் வைத்த இடத்திலேயே இருந்தது. அசைத்தால் உள்ளே ஏதோ லொடலொடத்தது. அதனால் அதை நகர்த்தாமல், வராந்தாச் சுவர் நெடுக ஆணி அடித்து ஒயர் இழுத்தான். முப்பது மீட்டர். நடுவில் பூட்டிய அறைகள்.

ஏற்பாடு எளிமையானது. பழையது ஒரு பக்கத்தை அனுப்பும். புதியது 'வந்துவிட்டது' என்று பதில் கொடுக்கும். பதில் வந்தால்தான் பழையது அடுத்த பக்கத்தை அனுப்பும். பேச ஆள் இல்லாத அந்தக் கட்டடத்தில் இரண்டு மிஷின்களாவது ஒன்றோடொன்று பேசிக்கொள்ளட்டும் என்று அவனே சிரித்துக்கொண்டானாம்.

நவம்பர் 15, செவ்வாய். காலையெல்லாம் ஒன்றும் வரவில்லை. ஒயரை மாற்றி மாற்றிச் சொருகினான். மதியம் கேசட்டை ஓடவிட்டுப் பார்த்தான். ஒன்றும் இல்லை. வெளியே பனி இறங்கியது. திடீரென்று புதிய கம்ப்யூட்டரின் திரையில் எழுத்து ஓட ஆரம்பித்தது. நம்பர் ஒன்று. நம்பர் இரண்டு. நம்பர் மூன்று. கையைத் தட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தான். மூன்றே முக்கால்.

மூன்று நாற்பத்தேழுக்கு நின்றுவிட்டது. முப்பது பக்கம் வந்திருந்தது. முப்பத்தொன்று வரவில்லை.

டேப்பில் ஏதோ கோளாறு என்று நினைத்தான். நம்மில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்போம். வராந்தாவில் நடந்து கித்தேரியம்மாளின் அறைக்குப் போனான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நாற்காலி மட்டும் மேஜையை ஒட்டி இழுத்துப் போட்டிருந்தது. ஒயர் சொருக இடைஞ்சலாக இருக்கிறது என்று காலையில் அதைச் சுவரோரம் தள்ளியது அவனுக்கு ஞாபகம் இருந்தது. ஒருவேளை தள்ளவில்லையோ?

ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கீழே போனான். அங்கே வார்டனாக இருப்பவள் அமலி, கன்னிவாடிப் பெண். இருபத்திரண்டு வயது. ஜூனில்தான் வேலைக்கு வந்திருக்கிறாள். பழைய கதை எதுவும் தெரியாது. மேலே தனியாகக் கிடக்க ஒரு மாதிரி இல்லையா என்று விசாரித்தாள். சோலி முடிந்தால் சரி என்று சொல்லிவிட்டு இவன் வந்துவிட்டான்.

நவம்பர் 16, புதன். எந்தத் தேதி என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. காலையில் என்ன செய்தும் ஒன்றும் வரவில்லை. அலுத்துப்போய் டேப் ரெக்கார்டரை நிறுத்தினான். பட்டனைத் தூக்கியே விட்டான். ஆபீஸ் அறைக்கு வந்து உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தான்.

மூன்றே முக்கால்.

நம்பர் ஒன்று. நம்பர் இரண்டு...

டேப் ஓடவில்லை. நிறுத்தியவன் அவன்தான். எழுத்து மட்டும் வந்துகொண்டே இருந்தது. முப்பது வரை வந்தது. நின்றது. பிறகு திரையின் அடியில் தனியாக ஒரு வரி வந்தது.

31 ?

அந்தக் கேள்விக்குறி அவன் எழுதிய புரோகிராமில் எங்கேயும் கிடையாது.

வேகமாக வராந்தாவில் நடந்தான். கதவைத் திறந்தான். அறையில் யாரும் இல்லை. நாற்காலி மேஜையை ஒட்டிக் கிடந்தது. அதை இழுத்து உட்கார்ந்தான்.

உடனே எழுந்துவிட்டான்.

நவம்பர் மாதக் கொடைக்கானலில் மரச் சாமான் எப்படி இருக்கும் என்று அங்கே போனவர்களுக்குத் தெரியும். தொட்டால் கை சில்லிடும். அந்த நாற்காலியின் பலகை வெதுவெதுப்பாக இருந்தது.

அன்றிரவு அவன் கீழேயே பிள்ளைகளோடு படுத்துக்கொண்டான். காரணம் கேட்ட அமலியிடம், மேலே போர்வை ஈரமாக இருக்கிறது என்றான். பொய் சொல்ல வராதவன் சொன்ன பொய். தூக்கமே வரவில்லையாம். அறுபது பாய்க்கு இடம் இருந்த அறையில், முப்பதாம் பாய்க்கு அடுத்து ஓர் ஆள் அகலத்துக்குத் தரை காலியாக இருந்தது. பிள்ளைகள் அதை அப்படியே விட்டுத்தான் பாய் போடுகிறார்கள். ஏன் என்று அவர்களுக்கும் தெரியாது. வழக்கம்.

மதுரைக்கே போய்விடலாம் என்று விடியும்வரை நினைத்துக்கொண்டிருந்தான். ஆனால் ஃபாதர் வெள்ளிக்கிழமை வந்துவிடுவார். வேறு யாரையாவது வைத்து வேலையை முடித்துக்கொள்வார். அந்தக் குறிப்பை அவர் படித்துவிடுவார்.

நவம்பர் 17, வியாழன். புரோகிராமை மாற்றினான். ஒன்றிலிருந்து அல்ல, நேரே முப்பத்திரண்டிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னான். முதலில் மற்றதை வாங்கிக்கொண்டு கடைசியில் முப்பத்தொன்றைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்கு. மாற்றியது சரிதானா என்று இரண்டு தடவை பார்த்தான். சரிதான். கித்தேரியம்மாளின் அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நாற்காலியையும் வெளியே எடுத்து வராந்தாவில் போட்டுவிட்டான்.

அன்றைக்கு மூன்றரைக்கே பனி இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே முதலில் பைன் மரங்கள் மறைந்தன. பிறகு வேலி. பிறகு வராந்தாத் தூண்கள்.

மூன்றே முக்கால்.

நம்பர் ஒன்று.

முப்பத்திரண்டு இல்லை. ஒன்று.

வேகம் மாறியிருந்தது. மிஷின் அனுப்பினால் வரி வரியாகக் கொட்டும். இது எழுத்து எழுத்தாக வந்தது. ஒற்றை விரலால் தட்டுவதுபோல. நடுவில் ஒரு தப்பு விழுந்தது. திரும்பிப் போய் அழித்தது. மறுபடி அடித்தது. இப்போது பெயர்கள் இல்லை, குறிப்புகள் இல்லை. நம்பர் மட்டும்.

28. 29. 30.

ஒரு மூச்சு நேரம் நின்றது.

31 ?

மணி மூன்று நாற்பத்தொன்பது. சிலுவைராஜின் புதிய கம்ப்யூட்டர் தானாகவே 'வந்துவிட்டது' என்று பதில் அனுப்பியது. எதிர்ப்பக்கம் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

31 ?

மூன்று ஐம்பத்தொன்று. அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. அது பக்கத்தை அனுப்பவில்லை.

கூப்பிடுகிறது.

கை தானாகக் கட்டைகளின் மேல் போயிற்று. இங்கிலீஷ் எழுத்தில் தட்டினான். உள்ளேன் அம்மா. அவ்வளவுதான். அனுப்புகிற கட்டையை ஒரு தட்டுத் தட்டினால் போதும். முப்பத்தொன்று முடியும். முப்பத்திரண்டு வரும். அறுபதும் வந்து சேரும். வேலை முடியும். அன்றைக்கும் இவ்வளவு சுலபமாகத்தான் இருந்தது.

விரல் அந்தக் கட்டையின் மேலேயே இருந்தது. அழுத்த முடியவில்லை.

31 ?

மூன்றாவது தடவை.

சிலுவைராஜ் தட்டியதை எல்லாம் அழித்தான். கண்ணில் நீர் முட்டி எழுத்தே தெரியவில்லை என்றான். மறுபடி தட்டினான்.

அவன் இல்லை அம்மா. அன்றைக்குச் சத்தம் கொடுத்தது நான். முப்பத்திரண்டு. ரோட்டு வளைவுக்குப் போனான். இன்னும் வரவில்லை.

அனுப்பினான்.

திரை காலியானது.

மூன்று ஐம்பத்து மூன்று.

மூன்று ஐம்பத்து நான்கு...

டாங்.

வெளியே மணி. டாங்... டாங்... டாங்... நிற்காமல். காணாமல் போனவனைத் தேட அடிக்கிற அடி. அந்த வராந்தாவில் மணி கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன்பே கழற்றிக் கீழே கொண்டுபோய்விட்டார்கள். கொக்கி மட்டும்தான் இருந்தது.

மணி நின்றது.

வராந்தாவில் காலடிச் சத்தம். ஒருவர் இல்லை. நாலைந்து பேர். அவசரமாக அவன் கதவைத் தாண்டிப் போனார்கள். கம்பளியின் உரசல்... லாந்தர் கைப்பிடியின் கிறீச்... கிறீச்...

அவன் கதவைத் திறக்கவில்லை. ஜன்னலைப் பார்த்தான்.

பனிக்குள் மஞ்சளாக நாலு வெளிச்சம். சரிவில் இறங்கிப் போயின.

தூரத்தில் ஒரு பெண் குரல்.

"ஏலே ஞானவேலு..."

இன்னும் தூரத்தில்...

"ஞானவேலு..."

பிறகு ஒன்றும் இல்லை.

அவன் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தான். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். மணி அடிக்க ஆரம்பித்ததிலிருந்து பதினெட்டு நிமிஷம் என்றான். நாலு பன்னிரண்டுக்குத் திரையில் வெளிச்சம் வந்தது. முப்பத்தொன்றாம் பக்கம். இந்தத் தடவை மிஷின் வேகத்தில், வரி வரியாக, ஒழுங்காக வந்தது. அதைத் தொடர்ந்து முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று என்று அறுபது வரை தடங்கலே இல்லாமல் ஓடி முடிந்தது.

முப்பத்தொன்றின் குறிப்பை அவன் ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறான். நான் பார்த்தேன். கித்தேரியம்மாள் இப்படி அடித்திருந்தார்: 'முப்பத்திரண்டுதான் குரலை மாற்றிச் சத்தம் கொடுத்தான். எனக்கு அப்போதே தெரியும். பிள்ளைகள் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். போனவன் வந்தபிறகு கண்டித்துக்கொள்ளலாம் என்று புத்தகத்தை மூடிவிட்டேன். சின்னவன் மேல் தப்பில்லை. கேட்டால் சொல்வான் என்று ஒருமுறை கேட்டேன். சொன்னால் நானும் சொல்லியிருப்பேன்.'

இதை என்னிடம் காட்டியபோது சிலுவைராஜ் அழுதான். எட்டு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே, தினமும் மூன்றே முக்காலுக்கு எதிரெதிரே நின்றவர்கள். இரண்டு பேரும் ஒரே விஷயத்தை வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு பக்கம் தனியாகக் கிடந்திருக்கிறார்கள். பேயை விட இதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

அவன் எதையும் அழிக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் ஃபாதர் வந்ததும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் காட்டினான். வாயாலும் சொன்னான். மணியையும் லாந்தரையும் மட்டும் சொல்லவில்லை. ஃபாதர் நெடுநேரம் படித்தார். இனி நீ மேலே தனியாகப் படுக்க வேண்டாம், கீழே இருந்துகொள் என்று மட்டும் சொன்னார். அறைச் சாவியைக் கொடுத்தார்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். பழைய குற்ற உணர்ச்சி, தனிமை, தூக்கமின்மை, ஏதோ தோன்றியிருக்கிறது என்று நானே அவனைத் தேற்றியிருப்பேன். மதியம் சாப்பிடும்போது அமலி வந்து எதிரே உட்கார்ந்தாளாம். புதிய கம்ப்யூட்டரில் எல்லா நம்பரும் வந்துவிட்டதா என்று கேட்டாள். வந்துவிட்டது என்றான்.

"அண்ணே, முப்பத்தொண்ணு யாரு?"

அவன் கையில் எடுத்த சோற்றைத் தட்டில் வைத்துவிட்டான்.

அவளுடைய பட்டியலில் அந்த நம்பரே கிடையாது. முப்பதுக்குப் பிறகு நிறுத்தாமல் முப்பத்திரண்டு என்றுதான் அவள் கூப்பிடுவாள். நேற்றுப் பனி அதிகமாக இருந்ததால் நம்பர் கூப்பிடப் பிந்திவிட்டது. நாலு பத்து இருக்கும். முப்பது என்றாள். முப்பதாம் பையன் பதில் சொன்னான். அடுத்ததைக் கூப்பிட வாயைத் திறப்பதற்குள், அவள் கூப்பிடாமலே, வரிசைக்குள்ளிருந்து ஓர் 'உள்ளேன் அம்மா' வந்தது. யார் என்று முகம் தெரியவில்லை, பனி. யாரோ விளையாடுகிறான் என்று தலைகளை எண்ணினாள். இல்லத்தில் இருப்பது ஐம்பத்தொன்பது பேர். அறுபது வந்தது. திரும்ப எண்ணினாள். அறுபதுதான். உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்தபோது ஐம்பத்தொன்பது.

எப்படி இருந்தது அந்தக் குரல் என்று சிலுவைராஜ் கேட்டான்.

"சின்னப் புள்ளண்ணே. ரொம்ப தூரம் ஓடியாந்த மாதிரி மூச்சு வாங்குச்சு. இம்புட்டு நேரம் எங்கலே போனன்னு வையத்தான் வாயெடுத்தேன். புள்ளைக குளுருல நடுங்குதுகளேன்னு விட்டுட்டேன்."